தவறினவர்க்கும் தாய்வீடு



யூபிலி என்றதும் கொடியேற்றமும், நவநாள் செபங்களும், ஆயர் அவர்கள் நிறைவேற்றும் பாட்டுப் பூசையும், தேர்ப்பவனியும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் யூபிலியின் பிறப்பிடம் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25-ஆம் அதிகாரம். அங்கே தேரும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. ஏழு முறை ஏழாண்டுகள் கழிந்து 50-ஆம் ஆண்டு பிறக்கும்போது நாடெங்கும் கொம்பு ஊத வேண்டும். வறுமையால் தன்னை விற்று அடிமையானவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும். கைமாறிப்போன காணி உரியவனிடம் மீள வேண்டும். இதுவே அன்று இடப்பட்ட கட்டளை. யூபிலி என்னும் சொல்லே ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். வெளியே போனவன் வீடு திரும்பும் ஆண்டுதான் யூபிலி ஆண்டு.

இம்மலரின் மற்றப் பக்கங்களில் நம் பங்கின் வரலாற்றைக் காண்பீர்கள். இங்கு உழைத்த குருக்கள், கன்னியர், உபதேசியார்கள், கோவில் எழும்பக் கல்லும் மண்ணும் சுமந்த முன்னோர் ஆகியோரின் பெயர்களை நன்றியோடு வாசிப்பீர்கள். இடறி விழுந்தவர்களின் பெயர்களை எந்த மலரும் அச்சிடுவதில்லை, அச்சிடவும் கூடாது. ஆயினும் அவர்களுக்கும் திருச்சபையில் ஒரு வரலாறு உண்டு. தவறு செய்தவனை, அதிலும் பெரிய தவறு செய்தவனை, திருச்சபை என்ன செய்தது? வாசலை அடைத்ததா, திறந்ததா? திறந்தது என்றால் எப்படித் திறந்தது? இக்கேள்விகளுக்கு விடை தரும் சில ஏடுகளை இங்கே புரட்டுவோம்.

சீட்டு வாங்கிய கிறிஸ்தவர்கள்

249-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய உரோமைப் பேரரசன் தேசியுஸ், 250-ஆம் ஆண்டை ஒட்டி ஓர் ஆணை பிறப்பித்தான். பேரரசின் குடிகள் யாவரும் நாட்டுத் தேவர்களுக்குப் பலியிட வேண்டும். ஊருக்கு ஊர் அமர்ந்திருக்கும் அதிகாரிகள் முன்னால் பானபலி வார்த்து, பலிப்பொருளை உண்டு காட்ட வேண்டும். அதற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டும் பெற வேண்டும். இத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. தான் எந்நாளும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தவன் என்றும், இப்போதும் அதிகாரிகள் கண்முன் பலியிட்டதாகவும் எழுதி, அதற்குக் கையொப்பம் கேட்கும் விண்ணப்பங்களே அவை.

இந்த வேதகலாபனையின் தொடக்கத்திலேயே, 250 ஜனவரி 20 அன்று, பாப்பரசர் பபியான் வேதசாட்சியாக மரித்தார். சிறையில் வாடியவர்களும் சித்திரவதையைத் தாங்கியவர்களும் பலர். ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்வதானால், விழுந்தவர்களும் மிகப் பலர். ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் திருச்சபை பெரும் கலாபனை இன்றி அமைதியாய் இருந்திருந்தது. விசுவாசம் பழக்கமாகிவிட்டிருந்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயரான புனித சிப்ரியான் இதைக் கண்ணீரோடு எழுதி வைத்திருக்கிறார். அழைக்கப்படுமுன்னே ஓடிப்போய்ப் பலியிட்டவர்கள் உண்டு; பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டு.

விழுந்தவர்களில் பல வகையினர் இருந்தார்கள். சிலர் உண்மையிலேயே பலியிட்டார்கள். சிலர் சிறிது சாம்பிராணி மட்டும் தூவினார்கள். வேறு சிலர் அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்து, பலியிடாமலேயே சீட்டை வாங்கிக்கொண்டார்கள். இவர்கள் யாவரையும் திருச்சபை "லாப்சி", அதாவது வழுவி விழுந்தவர்கள், என்று அழைத்தது.

புயல் தணியத் தொடங்கியதும் இவர்கள் கோவில் வாசலுக்கு அழுதுகொண்டு வந்தார்கள். உள்ளேயோ, சிறையில் தகப்பனைப் பறிகொடுத்த மகன் இருந்தான். உடைமை அனைத்தையும் இழந்தும் கிறிஸ்துவை மறுதலிக்காத விதவை இருந்தாள். அவர்கள் பக்கத்தில், சீட்டு வாங்கிச் சொத்தைக் காத்துக்கொண்டவன் வந்து முழந்தாளிடலாமா? இது ஏட்டுக் கேள்வி அன்று. ஒரே பலகையில் உட்கார வேண்டியவர்களின் கேள்வி.

இரண்டு எளிய வழிகள்

இரண்டு எளிய வழிகள் அன்று முன்வைக்கப்பட்டன. முதலாவது வழி, கேள்வி கேட்காமல் எல்லாரையும் உடனே சேர்த்துக்கொள்வது. விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்களின் பரிந்துரைக்கு அக்காலத்தில் பெருமதிப்பு இருந்தது. அவர்களிற் சிலர் தாராளமாகச் சமாதானக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார்கள். இன்னாரை அவருடைய ஆட்களோடு சேர்த்துக்கொள்ளவும் என்று, எத்தனை பேர் என்றுகூடச் சொல்லாமல் எழுதப்பட்ட கடிதங்களைக் கண்டு சிப்ரியான் வருந்தினார். காயத்தைக் கழுவாமலே கட்டுப்போடும் வைத்தியம் இது என்பது அவர் கருத்து.

இரண்டாவது வழி, யாரையும் ஒருபோதும் சேர்த்துக்கொள்ளாதிருப்பது. உரோமையில் நொவாசியான் என்னும் கல்விமிக்க குரு இவ்வழியைப் பிடித்துக்கொண்டார். விசுவாசத்தை மறுதலித்தவனுக்குக் கடவுள் வேண்டுமானால் பொறுத்தல் அளிக்கட்டும், திருச்சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். சாகும் தறுவாயிலும் சமாதானம் இல்லை. 251-இல் கொர்னேலியுஸ் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, நொவாசியான் போட்டிப் பாப்பரசராகத் தம்மை அபிஷேகம் செய்வித்துக்கொண்டார். அவரைப் பின்சென்றவர்கள் தங்களைத் "தூயவர்கள்" என்று அழைத்துக்கொண்டார்கள்.

திருச்சபை இவ்விரு வழிகளையும் தள்ளியது. 251-ஆம் ஆண்டு பாஸ்குவுக்குப் பின் கார்த்தேஜில் ஆயர்களின் சங்கம் கூடிற்று. ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று தீர்மானித்தது. சீட்டு மட்டும் வாங்கியவர்களைத் தக்க தவமுயற்சிக்குப் பின் ஏற்றுக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்ட காலம் தவம் புரிய வேண்டும், ஆனால் மரணத் தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் மறுக்கப்படலாகாது. உரோமையில் பாப்பரசர் கொர்னேலியுஸ் கூட்டிய சங்கமும் நொவாசியானைக் கண்டித்தது.

தனித்தனியே ஆராய்வது என்பது எவ்வளவு பெரிய இரக்கம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிப்ரியான் தம் கடிதம் ஒன்றில் வேறுபாடுகளை எடுத்துக்காட்டுகிறார். தானே விரும்பி ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் போராடி முடியாமல் விழுந்தவனும் ஒன்றா? மனைவி மக்களையும் தன் நிலத்துக் குடியானவர்களையும் பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றவனும், தான் ஒருவனே போய் விழுந்து தன் வீட்டாரைக் காப்பாற்றியவனும் ஒன்றா? விழுந்த பிறகு, தப்பி ஓடிவந்த சகோதரர்களுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்தவர்களும் இருந்தார்களே! ஊர் வாய் எல்லாருக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடும். தாயோ ஒவ்வொரு பிள்ளையும் எப்படி விழுந்தது என்று கேட்பாள்.

சில காலத்துக்குப் பின், 252-253 ஆண்டுகளில், மறுபடியும் கலாபனை வரும் என்ற அச்சம் எழுந்தது. அப்போது சிப்ரியானும் அவரோடு கூடிய ஆயர்களும், தவம் புரிந்துகொண்டிருந்த அனைவரையும் நற்கருணைப் பந்திக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்துங்கள் என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் இரத்தத்தை அவனுக்கு மறுப்பது எப்படி என்பதே அவர்கள் காட்டிய நியாயம்.

பேரன் கொண்டுவந்த நன்மை

இதே காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நிகழ்ந்த ஒன்றை அந்நகர ஆயர் புனித தியோனிசியார் எழுதி வைத்தார். நொவாசியான் பக்கம் சாய்ந்திருந்த அந்தியோக்கியா ஆயருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இது உள்ளது. திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் அதை நமக்காகக் காத்துத் தந்திருக்கிறார்.

செராப்பியோன் என்னும் முதியவர் நெடுங்காலம் குறையின்றி வாழ்ந்தவர். கலாபனையில் பலியிட்டு விழுந்துவிட்டார். பலமுறை மன்னிப்புக் கேட்டும் யாரும் அவருக்குச் செவிசாய்க்கவில்லை. பின்னர் நோயுற்று, மூன்று நாள் பேச்சும் நினைவும் இன்றிக் கிடந்தார். நான்காம் நாள் சற்றுத் தெளிந்து, தம் மகள் வயிற்றுப் பேரனை அருகே அழைத்து, விரைந்து போய் ஒரு குருவை அழைத்து வரும்படி சொன்னார். சிறுவன் ஓடினான். இரவு நேரம், குருவும் நோயாய்ப் படுத்திருந்தார், வர இயலவில்லை. ஆனால், சாகும் தறுவாயில் கேட்பவர்களுக்கு, அதிலும் முன்பே மன்றாடியவர்களுக்கு, பொறுத்தல் அளிக்க வேண்டும் என்று ஆயர் தியோனிசியார் ஏற்கனவே கட்டளையிட்டிருந்தார். ஆகவே குரு நற்கருணையில் ஒரு சிறு துணுக்கைச் சிறுவனிடம் கொடுத்து, அதை நனைத்துக் கிழவரின் வாயில் விடும்படி சொல்லி அனுப்பினார்.

சிறுவன் வீட்டை நெருங்கும்போதே முதியவர் மறுபடி கண் விழித்தார். குருவால் வர முடியவில்லை என்பதைத் தாமே சொல்லி, சொன்னபடி சீக்கிரம் செய்து என்னைப் போகவிடு என்றார். பேரன் நனைத்து வாயில் விட்டான். சிறிது விழுங்கியதும் அவருடைய உயிர் பிரிந்தது. அந்தப் பொறுத்தலுக்காகவே அவர் அதுவரை காக்கப்பட்டார் அல்லவா என்று தியோனிசியார் கேட்கிறார்.

வேதசாஸ்திர வாதங்களோடு ஒரு கிழவரின் மரணப் படுக்கையையும் அந்தியோக்கியா ஆயரின் முன் அவர் வைத்தார். 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கமும், மரணத் தறுவாயில் இருப்பவர் எவர்க்கும் இறுதி வழித்துணையாகிய நற்கருணை மறுக்கப்படலாகாது என்று சட்டம் வகுத்தது. இன்று நம் வீடுகளில் அவஸ்தை கொடுக்கக் குருவை நள்ளிரவிலும் அழைக்கிறோமே, அந்த வழக்கத்தின் பின்னால் இப்படி எத்தனையோ செராப்பியோன்களின் கண்ணீர் உண்டு.

அதே நிசேயாவில் நொவாசியான் கூட்டத்து ஆயர் ஒருவர் தம் கட்சியின் கடுமையைப் பேரரசர் கொன்ஸ்தந்தீனிடம் விளக்கினாராம். அப்படியானால் நீர் ஓர் ஏணியை வைத்துக்கொண்டு தனியே மோட்சத்துக்கு ஏறிக்கொள்ளும் என்று பேரரசர் சொல்லியதாகச் சோக்ராத்தேஸ் என்னும் பழைய வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார்.

சிப்ரியானின் முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். வலேரியான் பேரரசனின் காலத்தில், 258 செப்டம்பர் 14 அன்று, அவர் தலை வெட்டப்பட்டது. அதற்குமுன், தம்மை வெட்டப்போகும் கொலைஞனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கும்படி தம்மவருக்குச் சொன்னார். கொர்னேலியுஸ், சிப்ரியான் இருவருக்கும் செப்டம்பர் 16 அன்று ஒரே நாளில் திருநாள் கொண்டாடுகிறோம்.

ஹிப்போ ஆயரின் விண்ணப்பம்

இதுவரை பார்த்தவர்கள் கடவுளுக்கு எதிராகத் தவறியவர்கள். அயலானின் இரத்தத்தைச் சிந்தியவனை என்ன செய்வது?

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின் அதே வட ஆப்பிரிக்காவில் தொனாத்துஸ் பிரிவினைக்காரர் மிகுந்திருந்தார்கள். 303-இல் தொடங்கிய கலாபனையில் விழுந்தவர்களை ஏற்றதால் திருச்சபையே கறைபட்டது என்பது அவர்கள் கொள்கை. அவர்களைச் சார்ந்த முரட்டுக் கும்பல்கள் தடியோடு ஊரூராய்த் திரிந்து கத்தோலிக்கரைத் தாக்கின. அவ்வாறு தாக்கியதில் ரெஸ்தித்துத்துஸ் என்னும் ஹிப்போ மறைமாவட்டக் குரு கொல்லப்பட்டார். இன்னொசென்சியுஸ் என்னும் மற்றொரு குருவின் கண் பிடுங்கப்பட்டது, விரல் வெட்டப்பட்டது. குற்றவாளிகள் பிடிபட்டார்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வழக்கை விசாரித்தவர் மார்செல்லீனுஸ் என்னும் கத்தோலிக்க அதிகாரி.

ஹிப்போவின் ஆயர் யார்? தாய் மோனிக்கம்மாளின் கண்ணீரால் மனந்திரும்பிய புனித அகுஸ்தீனார். கொல்லப்பட்டவரும் ஊனமுற்றவரும் அவருடைய சொந்தக் குருக்கள். அவர் 412-ஐ ஒட்டி மார்செல்லீனுசுக்கு எழுதினார். குற்றவாளிகளைக் கொல்ல வேண்டாம்; கண்ணுக்குக் கண் என்று அவர்கள் உறுப்புகளைச் சிதைக்கவும் வேண்டாம்; அவர்களை முழு உடலோடு விட்டு, பயனுள்ள ஏதேனும் வேலையில் அமர்த்துங்கள் என்று மன்றாடினார். கிறிஸ்துவின் ஊழியர் பட்ட பாடுகளின் மகிமை, பகைவரின் இரத்தத்தால் கறைபடக்கூடாது என்பது அவர் வேண்டுதல். மார்செல்லீனுசின் உடன்பிறந்தவரான ஆப்பிரிக்க ஆளுநர் அப்ரிஞ்சியுசுக்கும் அவ்வாறே எழுதினார். அந்த மார்செல்லீனுசே மறு ஆண்டு, 413-இல், அரசியல் பழி சுமத்தப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளானார் என்பது வரலாற்றின் துயரம்.

அகுஸ்தீனார் சட்டமே வேண்டாம் என்றவர் அல்லர். பிரிவினைக்காரர் மீது அரசு அபராதம் விதித்ததை அவர் ஆதரித்தார். அதற்காக அவரைக் குறைகூறுவோரும் உண்டு. ஆனால் திருந்துவதற்கு இவ்வுலக வாழ்வை விட்டால் வேறு இடம் இல்லை, ஆகையால் உயிரைப் பறித்துவிடாதீர்கள் என்பதில் அவர் உறுதியாய் நின்றார். குற்றவாளிகளுக்காக ஆயர்கள் பரிந்து பேசுவது முறையா என்று ஆப்பிரிக்க அதிகாரி மக்கெதோனியுஸ் கேட்டபோது, அவர் நீண்ட விடை எழுதினார். மனிதனை நேசிக்கிறோம், அவன் குற்றத்தை வெறுக்கிறோம் என்று விளக்கினார். அதே கடிதத்தில், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கூடியவன் கொடுக்காவிட்டால் அவனுடைய தவம் வெறும் நடிப்பு என்றும் எழுதினார். இரக்கத்துக்காக வாதாடிய கடிதத்திலேயே, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்ற கண்டிப்பும் இருக்கிறது.

தூக்குமேடைக் குரு

பழைய திருச்சபையில் பெரும் பாவங்களுக்கான தவமுயற்சி வாழ்நாளில் ஒரே முறைதான். அதுவும் சபையறியப் புரிய வேண்டியது. 6-ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்து நாட்டுத் துறவிகள், எத்தனை முறை விழுந்தாலும் அத்தனை முறையும் குருவிடம் தனியே பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பினார்கள். 1215-இல் நாலாம் லாத்தரான் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. அழுதுகொண்டு வாசலில் நிற்க வேண்டியிருந்த பாவிக்கு, எந்நாளும் திறந்திருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி கிடைத்தது.

ஆனால் வாசலுக்கு வர இயலாதவர்களும் உண்டே. அவர்களைத் தேடிச் சென்ற ஒருவரை இங்கே நினைவுகூர்வோம். இத்தாலியில் 1811-இல் பிறந்த புனித யோசேப்பு கபாஸோ, தூரின் நகரில் இளங்குருக்களுக்கு ஆசிரியர். வளைந்த முதுகும் நலிந்த உடலும் கொண்டவர். நகரச் சிறைகளில் அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்த கூடங்களில் மணிக்கணக்காய் அமர்ந்திருப்பார். மரண தண்டனை பெற்றவர்களோடு கடைசி இரவைக் கழித்து, அவர்களோடு தூக்குமேடை வரை போவார். அப்படி அவர் துணைசென்றவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள். மக்கள் அவரைத் தூக்குமேடைக் குரு என்றே அழைத்தார்கள். 1860-இல் மரித்த அவருக்கு 1947-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்தார்.

கபாஸோவோடு அச்சிறைகளுக்குச் சென்றவர்களில் ஓர் இளங்குரு இருந்தார். வாட்டசாட்டமான வாலிபர்கள் சிறையில் வீணாவதையும், விடுதலையாகிப் போனவர்களே மறுபடி திரும்பி வருவதையும் கண்டு அவர் நெஞ்சு பொறுக்கவில்லை. வெளியே இவர்களுக்கு ஒரு நண்பன் இருந்தால் இங்கே வருவார்களா என்று சிந்தித்தார். அவர்தாம் புனித தொன் போஸ்கோ. அவர் நிறுவிய சலேசிய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். நம் தமிழ்நாட்டில் அவர்கள் நடத்தும் பள்ளிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் பயின்ற நம் பிள்ளைகள் பலர். அந்தப் பள்ளிகளின் வேர்களில் ஒன்று தூரின் சிறைக்கூடத்தில் இருக்கிறது.

இந்தூர் சிறையில் கட்டிய ராக்கி

நம் நாட்டிலேயே நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லுவோம். கேரளத்தின் புல்லுவழி ஊரில் 1954-இல் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்து இந்தூர் மறைமாவட்டத்தில் ஏழைப் பழங்குடியினரிடையே உழைத்தார். கந்துவட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்கள் விடுபட வழிகாட்டினார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, ஓடும் பேருந்தில், பயணிகள் கண்ணெதிரே, கூலிக்கு ஏவப்பட்ட ஓர் இளைஞன் அவரைக் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றான். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் அதே சபையின் கன்னியர். அவர் 2002-இல் சிறைக்குச் சென்று, தம் அக்காளைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். பின்னர் தாயாரும் அவரைச் சந்தித்து, அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பத்தாரும் திருச்சபையினரும் மன்னிப்பைத் தெரிவித்துப் பரிந்து பேசியதன் பேரில் அவர் 2006-இல் விடுதலை பெற்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, கூட்டத்தில் அவரும் இருந்தார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். கொலை நடந்தது 1995-இல்; ராக்கி கட்டியது 2002-இல். இடையே ஏழாண்டுகள். அந்தத் தாயின் ஏழாண்டு இரவுகளைக் கடவுளே அறிவார். மன்னிப்பு காயப்பட்டவர்களின் கையிலிருந்து கனிந்து விழ வேண்டிய கனி. மற்றவர்கள் போய், நீ ஏன் இன்னும் மன்னிக்கவில்லை என்று அதைப் பிடுங்கக் கூடாது.

இரக்கம் அல்லாதது எது?

இந்த ஏடுகளில் ஒரே நூல் ஊடுருவி ஓடுகிறது. தவறைத் தவறு என்று சொல்லத் திருச்சபை தயங்கவில்லை; தவறியவனைப் போய்விடு என்று சொல்லவும் அவள் துணியவில்லை. இரண்டில் ஒன்றை விட்டாலும் இரக்கம் கெட்டுப்போகும். சீட்டு வாங்கியவர்களைக் கேள்வியின்றிச் சேர்க்கச் சொன்னவர்கள் உண்மையை விட்டார்கள். நொவாசியான் மனிதனை விட்டார்.

இக்காலத்தில் இதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்மைப் பத்தாண்டுகளில் பல நாடுகளில், சிறுவர்களுக்குத் தீங்கு செய்த திருப்பணியாளர்களை இடம் மாற்றி, குற்றத்தை மூடி மறைத்த கொடுமை வெளிப்பட்டது. அதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டியவர்களும் உண்டு. அது இரக்கம் அன்று. காயப்பட்ட குழந்தைக்கு இழைத்த இரண்டாம் காயம். 2019-இல் பாப்பரசர் பிரான்சிஸ், இத்தகைய குற்றங்களை அறிந்த குருக்களும் துறவியரும் அவற்றைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வகுத்தார். அதே பாப்பரசர் 2018-இல் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று போதித்தார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. குற்றத்தை மறைக்காதே, குற்றவாளியை அழிக்காதே என்பது அகுஸ்தீனார் ஹிப்போவில் எழுதியதே.

1983 டிசம்பர் 27 அன்று, மீட்பின் யூபிலி ஆண்டில், 2-ஆம் ஜான் பால் பாப்பரசர் உரோமையின் ரெபிபியா சிறைக்குச் சென்று, 1981-இல் தம்மைச் சுட்டவனோடு அருகருகே அமர்ந்து பேசினார். 2024 டிசம்பர் 26 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அதே ரெபிபியா சிறையில் யூபிலியின் புனிதக் கதவைத் திறந்துவைத்தார். பெருங்கோவில்களில் திறக்கும் கதவைச் சிறைக்குள்ளும் திறந்தது லேவியராகமத்தின் கொம்பொலியை நமக்கு நினைவூட்டவில்லையா?

நம் பங்கின் வாசல்

அன்பார்ந்த மக்களே, கார்த்தேஜும் ஹிப்போவும் தொலைவில் உள்ளன. ஆனால் கேள்வி தொலைவில் இல்லை. தகப்பன் சிறையில் இருக்கும் வீடு எந்தப் பங்கிலும் இருக்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் கேட்டு வருபவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டுச் சிறுவனைப் பள்ளியில் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று அவன் தாய்க்குத் தெரியும். தண்டனை முடிந்து ஊருக்கு வந்தவன் பூசைக்கு வருகிறான். கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று, நற்கருணை நேரத்திலேயே வெளியேறிவிடுகிறான். நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. ஊர் விதிக்கும் தண்டனைக்கு முடிவு நாள் எது?

செராப்பியோன் பலமுறை கேட்டார், யாரும் செவிசாய்க்கவில்லை. கடைசியில் ஓடியவன் ஒரு சிறுவன். இந்த யூபிலி ஆண்டில் அப்படி ஓடுகிறவர்கள் நமக்கு வேண்டும். நம் வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் இத்தகைய வீடுகளை மறவாமல் சந்திக்க வேண்டுகிறோம். சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்கு யூபிலி அழைப்பிதழ் தபாலில் போகலாகாது. ஒருவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தண்டனை முடிந்து வந்தவருக்கு வேலை கொடுக்கக் கூடியவர்கள் நம்மில் உண்டு. அவர் மறுபடி விழாமல் இருக்க அதைவிடப் பெரிய உதவி இல்லை என்பதை தொன் போஸ்கோ நமக்குக் காட்டியிருக்கிறார். அவரால் துன்பப்பட்ட குடும்பமும் நம் பங்கில் இருந்தால், முதலில் அவர்கள் வீட்டுக்குப் போவோம், அவர்கள் கண்ணீரைக் கேட்போம், அவசரப்படுத்தாதிருப்போம்.

யூபிலி நாளன்று நம் கோவில் நிரம்பி வழியும். அன்று வந்தவர்களை எண்ணி மகிழ்வோம். அதற்குமுன், வராதவர்களை எண்ணி அவர்களுடைய வாசலுக்குப் போவோம். பாவிகளுக்கு அடைக்கலமாகிய தேவதாய் நம் அனைவரையும் தம் திருமகனிடம் கூட்டிச் செல்வாராக.

கிறிஸ்துநாதரில் உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை